கோசாம்பிக்கு அடைபட்ட வாசல்

1960 ஜூலை 25 அன்று புனே ரோட்டரி சங்கத்தில் ஒரு கணிதப் பேராசிரியர் உரையாற்றினார். பொருள், இந்தியாவுக்கு அணுசக்தி. அது நாட்டின் பெருங்கனவாக இருந்த காலம். டிராம்பேயில் ஆசியாவின் முதல் ஆய்வு உலைகளில் ஒன்றான அப்சரா ஓடத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச்சாளர் அந்தக் கனவைப் புகழவில்லை. அணுமின்சாரத்தின் முழுச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஒரு நாடு சூரிய ஆற்றலை ஓரமாக வைத்துவிட்டு, பணக்கார நாடுகளின் வழியில் ஓடுவதன் நியாயத்தைக் கேட்டார்.

அவர் டி.டி. கோசாம்பி. அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்தது பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அதன் இயக்குநர் ஹோமி பாபாதான் அணுசக்தி ஆணையத்தின் தலைவர், அணுசக்தித் துறையின் செயலரும் கூட. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962இல், கோசாம்பியின் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

தமிழில் கோசாம்பியை வாசித்தவர்கள் அவரை வரலாற்றாசிரியராகவே அறிந்திருப்பார்கள். 1956இல் வெளிவந்த அவருடைய இந்திய வரலாற்று அறிமுக நூல், மன்னர்களின் பட்டியலாக இருந்த வரலாற்றை உழவு, உலோகம், உற்பத்தி என்ற தளத்துக்கு மாற்றியது. ஆனால் பிழைப்புக்கு அவர் செய்தது கணிதம். கோவாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, காசியிலும் அலிகரிலும் கற்பித்து, 1933இல் புனே ஃபெர்குசன் கல்லூரிக்கு வந்தார். அங்கே அவர் செய்த ஒரு வேலையை நெருங்கிப் பார்த்தால் அவருடைய மூளை எப்படி ஓடியது என்பது விளங்கும்.

தட்சசீலத்தில் புதையலாகக் கிடைத்த முத்திரைக் காசுகள் அவர் கவனத்தை ஈர்த்தன. வெள்ளித் துண்டில் சில சின்னங்களைக் குத்தியிருப்பார்கள். அரசன் பெயர் இருக்காது, ஆண்டும் இருக்காது. எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கைமாறும் காசு தேயும், தேயத் தேய எடை குறையும் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். அந்த ஊகம் சரிதானா என்று சோதிக்க, முதலில் தம் காலத்தில் புழங்கிய சாதாரணக் காசுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒவ்வொன்றாக எடை போட்டார். பழைய காசின் சராசரி எடை குறைகிறது, எடைகளுக்கிடையிலான சிதறல் கூடுகிறது என்று கண்ட பிறகே பண்டைக் காசுகளைத் தராசில் வைத்தார். மில்லிகிராம் கணக்கில் எடுத்த அளவுகளிலிருந்து ஒரு கால வரிசை வந்தது. சம்பந்தமில்லாத இரு துறைகள், நாணயவியலும் புள்ளியியலும், ஒரு தனிமனிதனின் ஆர்வத்தால் கைகோத்தன.

அதே கல்லூரிக் காலத்தில், 1943இல், ஒழுங்கற்ற அலைவுகளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்தெடுக்கும் ஒரு முறையை இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் எழுதினார். சில ஆண்டுகள் கழித்துப் பின்லாந்தின் கார்ஹுனெனும் பிரான்சின் லோவேவும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று படங்களைச் சுருக்குவதற்கும் முகங்களை அடையாளம் காண்பதற்கும் அடித்தளமாக உள்ள அந்தத் தேற்றம் பெரும்பாலும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அடுத்த ஆண்டு மரபணுக்களுக்கிடையே உள்ள தொலைவைக் கணக்கிட அவர் தந்த சூத்திரம் மட்டும் கோசாம்பி சார்பு என்ற பெயரோடு தாவர இனவிருத்தி ஆய்வகங்களில் இன்னமும் பயன்படுகிறது. இவற்றில் எதையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. எந்த அமைச்சகமும் இலக்கு வைக்கவில்லை.

இத்தகையவரைத் தேடிப்பிடித்துத் தம் நிறுவனத்துக்கு அழைத்தவர் பாபாதான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. 1940களின் நடுவிலிருந்து கோசாம்பி டெக்கான் குவீன் ரயிலில் புனேயிலிருந்து பம்பாய்க்குப் போய்வந்து வேலை பார்த்தார். தொடக்கத்தில் டாடா அறக்கட்டளையின் பணத்தில் நடந்த நிறுவனம், 1950களின் நடுவில் அணுசக்தித் துறையின் நிதிக்குள் வந்தது. அந்தத் துறை 1954இல் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உருவாக்கப்பட்டது. நேருவுக்கும் பாபாவுக்கும் இடையிலான நட்பும் நம்பிக்கையும் இந்திய அறிவியலுக்கு அள்ளிக் கொடுத்தன. நாடாளுமன்றத்தில் மேக்நாத் சாகா அந்த ஏற்பாட்டின் இரகசியத்தன்மையைக் கடுமையாகச் சாடினார். ஆனால் 1956இல் அவர் மறைந்த பிறகு அவ்வளவு உரத்த குரல் அவையில் எழவில்லை.

கோசாம்பி உலக அமைதி இயக்கத்தில் ஈடுபட்டவர், மார்க்சியர், யார் முகத்துக்கும் அஞ்சாமல் பேசுகிறவர். அணுசக்தி பற்றிய அவருடைய கருத்தால் இயக்குநருக்குச் சங்கடம் ஏற்படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் இதைத் தியாகி வரலாறாக எழுதிவிடுவதும் நேர்மையாகாது. 1959இல் இந்திய வேளாண் புள்ளியியல் சங்கத்தின் இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டு, கணிதத்தின் மிகக் கடினமான புதிரான ரீமன் கருதுகோளுக்கு நிரூபணம் கண்டதாக உரிமை கோரினார். நிரூபணம் தவறு. துறை வல்லுநர்கள் படிக்காத இதழில் அதை வெளியிட்டது கேலிக்கு ஆளானது, அவருடைய நிறுவனத்துக்கும் தலைகுனிவாயிற்று. ஒப்பந்தம் நின்றதற்கு அதுவே காரணம் என்பவர்கள் உண்டு. அணுசக்தி எதிர்ப்பே காரணம் என்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. அதிகாரம் தனக்குப் பிடிக்காத அறிஞரை விலக்க, அவருடைய உண்மையான ஒரு பிழையைக் கைக்கருவியாக எடுத்துக்கொள்வது எந்த நாட்டிலும் நடப்பது. பிழையே செய்யாத ஆய்வாளர் எவரும் இல்லை என்பதால் இந்தக் கருவி எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும்.

அதே 1962க்கு இன்னொரு முகம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, வெளிநாடுகளில் பணியாற்றிய நான்கு இளம் இந்திய ரேடியோ வானியலாளர்கள், கோவிந்த் சுவரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன், தாங்கள் ஒன்றாக நாடு திரும்பி ஆய்வு செய்ய விரும்புவதாக இந்திய அறிவியல் தலைவர்கள் பலருக்கும் கடிதம் எழுதினார்கள். முழுமனத்தோடு முந்திக்கொண்டவர் பாபா. 1962 ஜனவரியில், கொலாபாவில் நிறுவனத்தின் புதுக் கட்டடத்தை நேரு திறந்துவைத்த அதே மாதத்தில், ரேடியோ வானியல் குழு ஒன்றை அமைக்க முடிவெடுத்துவிட்டதாக அவரிடமிருந்து தந்தி போயிற்று. குழு அறிக்கை இல்லை, பயன் என்ன என்ற விசாரணை இல்லை. அடுத்த ஆண்டு சுவரூப் வந்து சேர்ந்தார்.

விளைவை நம்மூர்க்காரர்கள் நேரிலேயே பார்க்கலாம். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் மலைச்சரிவு ஒன்று ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை அளவுக்கே, 11 பாகை, சாய்ந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார் சுவரூப். அந்தச் சரிவில் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தொட்டி வடிவத் தொலைநோக்கியைக் கிடத்தினால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். எதிரொளிப்புத் தளமாக 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 1970இல் அது இயங்கத் தொடங்கியது. மலையே பொறியியலில் பங்கெடுத்த அந்த யோசனை, கொடுத்த சுதந்திரத்துக்கு ஓர் இளைஞர் தந்த பதில்.

ஆக, ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தில், ஒரே மனிதரின் கையால் ஒரு கேள்விக்குக் கதவு திறந்தது, ஒரு கேள்விக்கு மூடியது. வான்வெளியின் தொலைதூர ரேடியோ மூலங்களைப் பற்றிய ஆர்வம் எந்த அரசுத் திட்டத்தையும் உரசவில்லை. மின்சாரச் செலவைப் பற்றிய ஆர்வம் அரசின் தலையாய திட்டத்தை உரசியது. பாபாவின் தாராளத்தையும் கோசாம்பியின் வெளியேற்றத்தையும் இரு வேறு கதைகளாகப் பிரித்துச் சொல்வதுதான் நம் வழக்கம். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் விளைவுகள். நிதி வரும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தால், அங்கே நிற்பவர் எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும், எந்தக் கேள்வி உள்ளே வரலாம் என்பது அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும்.

ஒரு பேராசிரியர் வேலை இழந்தது பெரிய இழப்பா என்று கேட்கலாம். இழந்தது கேள்வி. 1950களில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒரு சூரிய அடுப்பை உருவாக்கியது. அது மக்களிடம் எடுபடவில்லை. அதோடு அந்தத் துறைக்குத் தோல்வி முத்திரை விழுந்தது. அணுசக்திக்குக் கிடைத்ததுபோல ஒரு துறை, ஒரு பயிற்சிப் பள்ளி, தலைமுறை தலைமுறையாக ஆட்கள் என்ற ஏற்பாடு சூரிய ஆற்றலுக்குக் கிடைக்கவில்லை. 2025 ஜனவரி முடிவில் இந்தியாவின் சூரிய மின்திறன் 100 கிகாவாட்டைத் தாண்டியது. அணுமின்திறன் அப்போது எட்டு கிகாவாட்டுக்குச் சற்று மேல். ஆனால் கோசாம்பி வென்றுவிட்டார் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பலகைகளுக்குள் இருக்கும் செல்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்தது. விலை இறங்கியது ஜெர்மனியின் மானியத்தாலும் சீனாவின் உற்பத்தியாலும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்விக்கு இங்கே இருக்க இடம் கிடைத்திருந்தால், வெயிலோடு அறிவும் நம்முடையதாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

கோசாம்பிக்கு வேறொரு வாசல் திறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, அதாவது சிஎஸ்ஐஆர், 1964இல் அவரை ஓய்வுநிலை அறிவியலாளராக நியமித்தது. அப்போது அதன் தலைமை இயக்குநர் சையது ஹுசைன் ஜாகீர். புனேயின் மகாராஷ்டிர விஞ்ஞான வர்த்தினி என்ற சிறு ஆய்வு நிறுவனம் அவருக்கு இடம் தந்தது. புனேயைச் சுற்றியுள்ள மேடுகளில் நடந்து நுண்கற்கருவிகளைப் பொறுக்கியவர், 1965இல் பண்டைய இந்தியாவின் பண்பாடு பற்றிய நூலை வெளியிட்டார். 1966 ஜூனில் புனேயிலேயே மறைந்தார். ஓர் அமைப்பு கைவிட்டவரை இன்னோர் அமைப்பு தாங்கியது. அந்தப் பன்மை திட்டமிட்டு உருவானதல்ல, ஆனால் அதுதான் காப்பாற்றியது.

அந்த இரண்டாம் வாசல் பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்பதையும் புனேயிலேயே பார்க்கலாம். பாஷான் சாலையில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் சிஎஸ்ஐஆரின் மூத்த ஆய்வகங்களில் ஒன்று. 1950 ஜனவரியில் நேரு திறந்துவைத்தார். அதன் முதல் இந்திய இயக்குநர் சாய வேதியியலில் உலகப் பெயர் பெற்ற சென்னைக்காரர் கே. வெங்கட்ராமன். எல்.கே. துரைசாமி, பால் ரத்தினசாமி, எஸ். சிவராம் என்று தமிழ் அறிந்த பெயர்கள் அந்த நாற்காலியில் தொடர்ந்தன. ரத்தினசாமியின் ஜியோலைட் வினையூக்கிகள் அடிப்படை ஆய்வு ஆலைக்குள் நுழைந்ததற்கு நல்ல சான்று. 1989 முதல் இயக்குநராக இருந்த ஆர்.ஏ. மஷேல்கர் காப்புரிமைகளைப் பெருக்கி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அறிவை விற்கும் ஆய்வகமாக அதை மாற்றினார். அதில் நன்மையும் உண்டு. ஆய்வகத்துக்குச் சொந்தக் காலில் நிற்கும் தெம்பு வந்தது.

ஆனால் சம்பாதிக்க முடிவது வேறு, சம்பாதித்தே ஆக வேண்டும் என்பது வேறு. 2015 ஜூனில் சிஎஸ்ஐஆர் ஆய்வக இயக்குநர்கள் தேராதூனில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ஆய்வகங்கள் தங்கள் ஆய்வுக்கான நிதியைத் தாங்களே ஈட்டும் நிலைக்கு நகர வேண்டும், காப்புரிமைகளைச் சந்தைப்படுத்த வேண்டும், முன்னேற்றத்தை மாதந்தோறும் அறிக்கையாகத் தர வேண்டும். 2017இல் தலைமை இயக்குநரே ஆய்வகங்களுக்குக் கடிதம் எழுதி, சுமார் 4,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் சம்பளமும் ஓய்வூதியமும் பிற கடமைகளும் போகப் புதிய ஆய்வுகளுக்கு 200 கோடி அளவில்தான் மிஞ்சுகிறது என்று எச்சரித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று புனே உட்பட நாட்டின் பல நகரங்களில் அறிவியலாளர்கள் தெருவில் இறங்கி, உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டை அறிவியலுக்கு ஒதுக்கக் கோரினார்கள். இந்தியா ஆய்வுக்குச் செலவிடுவது 2020–21 கணக்கில் 0.64 விழுக்காடு. தென்கொரியா 5 விழுக்காட்டை நெருங்குகிறது.

மாத அறிக்கை கேட்கும் ஏற்பாட்டில் எந்தக் கேள்வி பிழைக்கும்? வாங்க ஆள் இருக்கும் கேள்வி. யாரும் யாரையும் வேலைநீக்கம் செய்யத் தேவையில்லை. காசு எடை போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்காது.

மூன்றாவது வாசல் பல்கலைக்கழக மானியக் குழு. அதன் நிதியில்தான் 1988இல் புனே பல்கலைக்கழக வளாகத்தில் வானியல், வான்இயற்பியலுக்கான பல்கலைக்கழகப் பொது மையம் பிறந்தது. நிறுவன இயக்குநர் ஜெயந்த் நார்லிகர், பெருவெடிப்புக் கோட்பாட்டை ஏற்காத சிறுபான்மையர். பெரும்பான்மைக் கருத்தோடு உடன்படாதவர் கையில் ஒரு தேசிய மையத்தை நம்பி ஒப்படைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அதே மானியக் குழு 2001இல், முரளி மனோகர் ஜோஷி கல்வி அமைச்சராக இருந்தபோது, பல்கலைக்கழகங்களில் வேத சோதிடத் துறைகள் தொடங்க நிதி தருவதாக அறிவித்தது. அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள். உயிரியலாளர் பி.எம். பார்கவா உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள், 2004இல் வழக்கு தள்ளுபடியானது.

நார்லிகரின் பதில் ஆய்வாளருக்கே உரியது. அவருடைய சோதனைக்காக நரேந்திர தாபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பினர் நன்கு படிக்கும் நூறு பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகளின் ஜாதகங்களையும் சேகரித்தார்கள். சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் அனுப்பி, எது எந்த வகைப் பிள்ளையுடையது என்று சொல்லும்படி கேட்டார்கள். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரி வெற்றி பாதிக்கும் கீழே, நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலாக எதுவும் இல்லை. முடிவு 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியானது. 2013 ஆகஸ்ட் 20 காலை, புனேயில் நடைப்பயிற்சிக்குப் போன தாபோல்கர் சுட்டுக்கொல்லப்பட்டார். கேள்வி கேட்பவர்மீது வரும் அழுத்தம் நிதியோடு நின்றுவிடுவதில்லை.

அறிவியல் மீதான அரசியல் அழுத்தம் என்றாலே தில்லியிலிருந்து வருவது என்று நினைக்கிறோம். புனேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவை ஒட்டிய கோடத் கிராமத்தில் நடப்பது வேறு மாதிரி. சுவரூப் ஊட்டிக்குப் பிறகு அங்கே எழுப்பியதுதான் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கி. தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். மெல்லிய எஃகுக் கம்பி வலையைக் கயிற்றுச் சட்டங்களில் இழுத்துக் கட்டியதால் காற்று ஊடே போகும், எடையும் செலவும் குறையும். 2023இல் ஈர்ப்பு அலைகளின் மெல்லிய பின்னணி முழக்கத்துக்குச் சான்று கிடைத்தபோது இந்தக் கிண்ணங்களின் தரவும் அதில் இருந்தது. அவ்வளவு நுண்ணிய அலைகளைக் கேட்கும் கருவிக்கு அருகே மின்சார ரயில் ஓடினால் அதன் இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். எனவே நாராயண்காவ் வழியாகத் திட்டமிட்ட புனே–நாசிக் அரை அதிவேக ரயில் பாதையை ஏற்க முடியாது என்று ரயில்வே அமைச்சகம் சொல்லிவிட்டது. தக்காளியும் வெங்காயமும் விளையும் ஜுன்னர் வட்டாரத்துக்கு அந்த ரயில் பெரிய நம்பிக்கை. பழைய பாதையே வேண்டும் என்று உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள் குரல் கொடுக்கிறார்கள்.

தேனிக்காரர்களுக்கு இது புரியும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த நியூட்ரினோ ஆய்வகம் பொட்டிபுரத்தில் வரவே இல்லை. அங்கும் முன்னின்றது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நிதியில் அணுசக்தித் துறையும் இருந்தது. நியூட்ரினோவால் ஆபத்தில்லை என்பது உண்மை. ஆனால் இரகசியத்தையே பழக்கமாக வைத்திருந்த ஒரு துறை வந்து ஆபத்தில்லை என்று சொன்னபோது ஊர் நம்பவில்லை. முத்தோரையில் தொலைநோக்கி எழுந்த காலத்தில் தந்தி ஒன்றே போதுமானதாக இருந்தது. மக்களைச் சேர்த்துக்கொள்ளாமல் மேலிடத்தின் தயவில் மட்டும் வளர்ந்த அறிவியலுக்கு, கீழிருந்து கேள்வி வரும்போது துணை நிற்க யாரும் இருப்பதில்லை. கோடத்தில் ஆண்டுதோறும் தேசிய அறிவியல் தினத்தையொட்டிப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி நடத்தும் கண்காட்சியை நான் அறிவியல் பிரச்சாரமாகப் பார்க்கவில்லை, காலம் தாழ்த்தித் தொடங்கிய உரையாடலாகவே பார்க்கிறேன்.

2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது திட்டம். அதில் பெரும்பகுதி, 36,000 கோடி, அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி வழங்கிவந்த பழைய வாரியம் இதற்குள் கரைந்துவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் போய்ச்சேர இது வழிசெய்தால் மனமார வரவேற்பேன். ஆனால் ஆட்சிக் குழுவின் தலைவர் பதவிவழியில் பிரதமர், துணைத் தலைவர்கள் இரு அமைச்சர்கள். நேருவும் பாபாவும் நட்பால் நடத்தியது இப்போது சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தலைவரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்காமலேயே இந்த அமைப்பைச் சந்தேகிக்கலாம். 2025இல் அமெரிக்காவில் அரசு மாறியதும் நடப்பிலிருந்த ஆய்வு மானியங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானதை உலகமே பார்த்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 40 கோடி டாலர் நிறுத்தப்பட்டது. அங்கே தனியார் அறக்கட்டளைகளும் மாநிலங்களும் ஓரளவு தாங்கிப் பிடிக்கின்றன. இங்கே அந்த மாற்று வழிகள் மெலிந்து கிடக்கின்றன.

2025 வரவுசெலவுத் திட்டம் சிறிய அணு உலைகளின் ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாயை ஒதுக்கி, 2047க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று இலக்கு வைத்தது. அது சரியான முடிவாகவே இருக்கலாம். காலநிலை மாற்றம் 1960இல் இல்லாத ஒரு காரணத்தைத் தந்திருக்கிறது. ஆனால் கோசாம்பி ரோட்டரி சங்கத்தில் எழுப்பிய கணக்கை, உலையின் விலையிலிருந்து கழிவைக் காக்கும் செலவுவரை, வெயிலோடும் மின்கலத்தோடும் ஒப்பிட்டு, இன்றைய எண்களில் யாராவது மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளர் ஒருவர் அதற்காக நிதி கேட்டு விண்ணப்பித்தால், விண்ணப்பம் போய்ச்சேரும் அறக்கட்டளையின் தலைவரும், அந்த ஆய்வு கேள்வி கேட்கப்போகும் அணுசக்தித் துறையின் அமைச்சரும் ஒருவரே.